கோடைக்குக் கோத்தகிரியில் மாத வாடகைக்கு வீடு தேடுகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

மூன்று நாளைக்கு முன் என் தங்கை ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். தேயிலைச் சரிவைப் பார்த்த ஜன்னல், மஞ்சள் திரைச்சீலை, வாசலில் மூங்கில் ஊஞ்சல். "ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு முழு வீடு, குடும்பத்துக்கு மட்டும்" என்று கீழே எழுதியிருந்தது. போன வருஷம் நான் பார்த்து நம்பிய அதே வீடியோ. அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. இந்த வருஷம் இன்னொரு குடும்பம் வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் வீட்டின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுசாகச் சொல்கிறேன்.

நாங்கள் வேலூர்க்காரர்கள். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு 72 வயது, இதய ஆபரேஷன் ஆனவர். 2024 கோடையில் இரண்டு தடவை மயங்கி விழுந்தார். அடுத்த கோடையை அவர் இங்கே கழிக்கக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். எனக்கு வீட்டிலிருந்து செய்கிற வேலை, எங்கிருந்தாலும் ஒன்றுதான். ஊரைச் சொன்னது அப்பாதான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் கோத்தகிரி தபால் ஆபீஸில் வேலை பார்த்திருக்கிறார். ஊட்டி அளவுக்குக் கூட்டம் கிடையாது, கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், ஏப்ரலிலும் ராத்திரி கம்பளி வேண்டும். காலையில் லாங்வுட் சோலைப் பக்கம் நடக்கலாம், கன்னேரிமுக்கில் வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் கட்டிய பங்களாவை அம்மாவுக்குக் காட்டலாம், டானிங்டனில் நின்று டீ குடிக்கலாம் என்று பிப்ரவரியிலிருந்தே பேச ஆரம்பித்துவிட்டார். எதையும் வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர். அதனால் வீட்டைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. அந்த அவசரத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

புரோக்கர் ஒருத்தர் மூலம் வீடு வந்தது. வாடகை மாதம் 24,000. இரண்டு மாதத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அட்வான்ஸ் 25,000 தனி. ஆக 73,000 ரூபாய், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கூகுள் பேயில் போய்விட்டது. "டவுன்ல இருந்து அஞ்சே நிமிஷம்ங்க" என்றார். லைவ்வாக வீடியோ காலில் வீட்டைக் காட்டுங்கள் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "அங்க டவர் கிடைக்காதுங்க" என்ற பதில். டவர் இல்லாத வீட்டில் நான் எப்படி வேலை பார்ப்பது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அக்ரிமென்ட் என்றதற்கு, "ரெண்டு மாசத்துக்கு எதுக்குங்க்கா அதெல்லாம்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அந்த வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் பிறகு இரு பக்கமும் அழித்துவிட்டார்.

மார்ச் 31 ராத்திரி காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ். (நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போக இ-பாஸ் என்கிற அனுமதிச் சீட்டு வேண்டும், பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை.) மலை ஏற ஏற அப்பா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. கோத்தகிரியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் அடையாளம் சொன்னதும் அவர், "அது இங்க இல்லீங்க, கோடநாடு ரோட்ல ஒம்போது கிலோமீட்டர் உள்ள போகணும்" என்றார். அப்பாவின் காலை நடை, சோலை, டீக்கடை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. ஒரு நாளைக்கு வருகிற சில பஸ்களை விட்டால் ஆட்டோவுக்கு நானூறு ரூபாய்.

வீடு இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஊஞ்சலும் இருந்தது. மெத்தைகளில் பூஞ்சை வாடை, கீசர் ஒன்று ஓடவில்லை, திரைச்சீலை மட்டும் வீடியோவில் பார்த்த அதே மஞ்சள். இதெல்லாம் பொறுத்துக்கொள்கிற விஷயம். பத்து நாள் பொறுத்துக்கொண்டோம். அப்பா வாசலில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து கட்டுப்போட்ட பேப்பர்களைப் படித்தார், நன்றாகத் தூங்கினார். அந்தப் பத்து நாள் உண்மையிலேயே நல்ல நாட்கள்.

ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. வீட்டைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் காலையிலேயே வந்தார். "சார், ஓனர் ஃபேமிலி வர்றாங்க. மூணு நாளைக்கு மட்டும் கீழ் ரூமுக்கு மாறிக்குங்க, தப்பா நினைக்காதீங்க" என்றார். தமிழ்ப் புத்தாண்டு திங்கட்கிழமை வந்த வருஷம் அது, சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் லீவு. அதை நான் யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு வருகிறார், நாம் என்ன சொல்வது என்று அப்பாவே பெட்டியைத் தூக்க எழுந்துவிட்டார். கீழ் ரூம் என்பது மோட்டார் ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறை. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். கதவு தகரம்.

மத்தியானம் வந்தது ஓனர் குடும்பம் இல்லை. வெளிமாநில வண்டிகள் இரண்டு, பன்னிரண்டு பேர். அதில் ஒரு அம்மா என் அம்மாவிடம் நன்றாகப் பேசினார். ஒரு ராத்திரிக்கு 9,000 என்று அவர்தான் சொன்னார். எங்களைக் கீழே தள்ளிவிட்டு மூன்று ராத்திரிக்கு 27,000. நாங்கள் ஒரு முழு மாதத்துக்குக் கொடுத்ததை விட அதிகம். வேலை நாளில் காலியாகக் கிடக்கிற வீட்டுக்கு மாத வாடகையாக ஒரு குடும்பம், லீவு நாளில் அதே வீட்டுக்கு டூரிஸ்ட். மாத வாடகைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயசானவர்களோடு வருவார்கள், சண்டை போட மாட்டார்கள், பணம் முழுசும் கையில் வந்துவிட்டதால் கிளம்பவும் மாட்டார்கள். இதுதான் அவர்கள் தொழிலே.

அன்று ராத்திரி மேலே இருந்தவர்கள் சாப்பிட்ட மிச்சம் கொல்லைப் பக்கம் குப்பைத் தொட்டியில் திறந்து கிடந்தது. ஒரு மணிவாக்கில் தொட்டி உருளுகிற சத்தம். ஜன்னலில் அம்மா பார்த்தாள், கரடி. கோத்தகிரிப் பக்கம் கரடி வருவது புதுசு இல்லை. எண்ணெய் வாசனைக்கும் சாப்பாட்டு வாசனைக்கும் வீட்டுக் கதவையே உடைத்திருக்கிறது. ஆனால் அங்கே புதுசாக வந்து தங்குகிறவர்களுக்கு வீட்டுக்காரன் அதைச் சொல்ல வேண்டாமா? குப்பையை மூடிப் பூட்டி வைக்க வேண்டாமா? தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் இதய ஆபரேஷன் ஆன மனுஷரை உட்கார வைத்துக்கொண்டு, அந்த மூச்சுச் சத்தம் போகிறவரை நாங்கள் மூன்று பேரும் பேசவில்லை. பணத்தை விட எனக்கு மனசு ஆறாதது அந்த முக்கால் மணி நேரம்தான்.

அடுத்த வெள்ளி புனித வெள்ளி. மறுபடியும் மேனேஜர் வந்தார். இந்தத் தடவை மாற முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை, போய்விட்டார். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் சுவிட்ச் ஷெட்டுக்குள், சாவி அவரிடம். போன் எடுக்கவில்லை. நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. நல்ல தடைதான், குறை சொல்லவில்லை. ஆனால் டவுனில் இருக்கிற தண்ணீர் ஏடிஎம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர்கள் தங்கள் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒரு படகர் அக்கா இரண்டு குடம் தண்ணீரும் அப்பாவுக்குச் சூடாக அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார். "போன வருசமும் ஒரு பாட்டியம்மாவ இப்படித்தான் செஞ்சாங்க, கண்ணு" என்றார். மறுநாள் மத்தியானம் நாங்களாகவே கீழே போனோம். தண்ணீர் வந்துவிட்டது.

மலையில் தண்ணீர் என்பது சின்ன விஷயம் இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் ஊற்றுகள் இளைத்துவிடும், டூரிஸ்ட்டோ அப்போதுதான் குவிவார்கள், வீட்டுக்கு வீடு லாரித் தண்ணீர். வாடகை பேசும்போது வெளிச்சம், காற்று, காட்சி எல்லாம் அப்புறம் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, லாரி வந்தால் யார் பணம், மோட்டார் சுவிட்ச் யார் கையில் என்று முதலில் கேளுங்கள்.

மே தொடக்கத்தில் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி. அதற்கு மூன்றாம் தடவை கீழே போகச் சொன்னார்கள். அண்ணன் காரில் வருவதாக இருந்தது. அவனுக்கு இ-பாஸ் வாங்கித் தருகிறேன் என்று மேனேஜர் 800 ரூபாய் வாங்கியிருந்தார். இ-பாஸ் இலவசம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது, அரசு இணையதளத்தில் நாமே ஐந்து நிமிஷத்தில் எடுக்கலாம். 2025 கோடைக்கு வேலை நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீலகிரிக்கு வரம்பு வைத்திருந்தார்கள். வரம்பு நிரம்பினால் எந்த ஏஜென்டாலும் வாங்கித் தர முடியாது, நிரம்பாவிட்டால் ஏஜென்டே வேண்டாம். அண்ணன் வந்து வீட்டைப் பார்த்த அன்றே, மே 5, எங்களைக் காலி செய்ய வைத்தான்.

அட்வான்ஸ் கணக்கு பத்து நாள் கழித்து வந்தது. மெத்தைக் கறைக்கு 6,000. கீசர் ரிப்பேருக்கு 4,500 (நாங்கள் போன அன்றே ஓடாத கீசர்). தண்ணீர் லாரி இரண்டுக்கு 5,000. கிளீனிங் 3,000. கரண்ட் 390 யூனிட், யூனிட்டுக்கு 15 ரூபாய் வீதம் 5,850. திருப்பி அனுப்பியது 650 ரூபாய். மே மாத வாடகையில் ஒரு பைசா இல்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 390 யூனிட்டில் 9,000 கொடுத்துத் தங்கினவர்கள் ஓட்டிய ஹீட்டரும் அடக்கம், மீட்டர் ஒன்றுதான். போன அன்றும் கிளம்பின அன்றும் மீட்டரைப் போட்டோ எடுத்திருந்தால் இதை ஒரே நிமிஷத்தில் முறித்திருப்பேன். நான் எடுக்கவில்லை, நீங்கள் எடுங்கள். மெத்தை, கீசர், சுவர், சாவிக்கொத்து எல்லாவற்றையும் பெட்டியைத் திறக்கும் முன்பே எடுத்து, புரோக்கருக்கே அனுப்பி வையுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு வரி. பணம் அனுப்பும்போது கூகுள் பேயில் குறிப்பு எழுதுகிற இடத்தில் "ஏப்ரல் மே வாடகை, முழு வீடு" என்று தட்டியிருந்தேன். பழக்கத்தில் செய்தது. வாய்ஸ் மெசேஜ் அழிந்தது, இது அழியவில்லை. அந்த ஸ்க்ரீன்ஷாட்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன், வீட்டுக்காரருக்கு ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். தபால் போய்ச் சேர்ந்த வாரமே 18,000 ரூபாய் எந்தப் பேச்சும் இல்லாமல் கணக்கில் விழுந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், மலைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, நான் வைக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டால் அது வேறு, அன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மே 5-ஆம் தேதி எங்கே போனோம் என்று சொல்லவில்லையே. தண்ணீர் கொடுத்த அக்காவின் தங்கச்சி வீட்டு மாடியில், ஜான்ஸ்டன் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு அறையும் சமையலறையும். காட்சி என்று ஒன்றும் இல்லை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி. அப்பா தினமும் காலையில் பழைய தபால் ஆபீஸ் வரை நடந்துவிட்டு வந்தார். ஒரு நாள் லாங்வுட் சோலைக்கும் போனோம், 2024-இல் அதை ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்திருக்கிறார்கள் என்றதும் அவருக்கு அவ்வளவு பெருமை. மே கடைசியில் சிவப்பு எச்சரிக்கை வந்து மழை கொட்டியபோதும் அந்த அறை ஒழுகவில்லை.

இந்த வருஷத்துக்கும் அதே அறையைச் சொல்லி வைத்துவிட்டோம். மாதம் 11,000, கரண்ட் மீட்டர்படி, தண்ணீர் லாரி வந்தால் பாதிப் பாதி. ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு காப்பி வைத்திருக்கிறோம். எழுதும்போது அக்காவின் தங்கச்சி கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. மஞ்சள் திரைச்சீலை வீடியோவுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், இன்றே அந்த வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.