பெத்தாவுக்கு வாசித்துக் காட்டிய நாவல்

இலங்கையின் கிழக்கே அம்பாறை மாவட்டத்துப் பாண்டிருப்பில் வீட்டோடு தையல் வேலை எனக்கு. பகல் முழுக்க பிளவுஸும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும். இரவு மெஷினை மூடின பிறகுதான் வாசிப்பு. அண்மையில் மூன்று நாவல்கள் முடித்தேன். மூன்றும் குடும்பம், ஊர் என்று சுற்றுகிறவை.

ஒன்றுதான் வாசிக்க நேரம் என்றால் விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' எடுங்கள். 2011இல் காலச்சுவடு போட்டது. அக்கரைப்பற்றுச் சந்தையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகக் கிடந்து பிழைத்ததும், பிறகு அது குலைந்துபோனதும் கதை. பெத்தாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, கண் மங்கிப்போனதால் சத்தமாக வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே, "செய்தி வாசிக்கிறாப்போல வாசிக்காத புள்ள, கதைக்கிறாப்போல வாசி" என்று ஏச்சு. சரியான ஏச்சுத்தான். 'மறுகா' (பிறகு), 'கிறுகி' (திரும்பி) எல்லாம் நான் தினமும் சொல்கிற சொற்கள். அச்சில் கண்டதும் ஏனோ நாக்கு பள்ளிக்கூடத் தமிழுக்குப் போய்விடுகிறது. இழுத்துக் கதைக்கிற மாதிரி வாசித்த பிறகுதான் சந்தையின் இரைச்சல் எங்கள் திண்ணைக்கு வந்தது. "எழுதினவன் நம்மட ஆளா கா?" என்று கேட்டா. ஓம், அம்பாறைக்காரர்தான்.

குழப்பம் தொடங்குகிற இடம் வந்ததும் பெத்தா கையைக் காட்டினா. "அது எனக்குத் தெரியும். தள்ளிப் போ." நான் தள்ளவில்லை, அவ படுத்த பிறகு தனியே வாசித்தேன். என் குறை ஒன்றே: பின்பாதியில் சம்பவங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன, முன்பாதியில் அவ்வளவு ஆறுதலாகப் பழகின ஆட்களை அதற்குள் தேட வேண்டியிருக்கிறது. வெளியூர் வாசகருக்கு முதல் இருபது பக்கம் கஷ்டம்தான். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், பிடிபடும்.

அடுத்தது சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2004இல் வந்தது. மருதமுனையிலிருந்து கைத்தறித் துணி கொண்டுவருகிற ராத்தா (முஸ்லிம் அக்கா) தந்தா. தடித்த புத்தகம், யார் யாருக்கு என்ன முறை என்று பிடிபடவே ஐம்பது பக்கம் போனது. தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் மூடின கதவுக்குள் பேசுகிற பேச்சு அது, கூச்சமில்லாத பேச்சு. கல்யாணமான பெண் மாமியார் வீட்டில் சுருங்கிப்போகிற இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் பக்கம் தமிழரோ முஸ்லிமோ, பெண்ணுக்குத்தான் வீடு; மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். ராத்தாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "வீடு நம்மட பேரில, சத்தம் அவங்கட" என்று சிரித்தா. அதற்கு மேல் நான் பேசவில்லை.

எஸ்.பொ. என்கிற எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' 1966இல் வந்த பழைய நாவல், நான்தான் இவ்வளவு பிந்தி வாசித்தேன். மட்டக்களப்பில் படிப்பித்தவர் எழுதிய யாழ்ப்பாணக் கதை. கொழும்பில் வேலை பார்க்கிற மனுஷன் லீவில் வீடு வந்து, மனைவியோடு தனியே இருக்கத் தவிக்கிறான்; வீட்டு ஆட்களும் வேலைகளும் விட்டால்தானே! மெல்லிய புத்தகம், இரண்டு இரவில் முடியும். பெத்தாவுக்கு மட்டும் சத்தமாக வாசிக்க முடியாது.

'கசகறணம்' வாசிகசாலைப் புத்தகம். தவணை முடிந்து தண்டம் ஏறுகிறது. திருப்பிக் கொடுக்க விடமாட்டேன் என்கிறா பெத்தா, சந்தைப் பகுதியை இன்னொருக்கா வாசிக்க வேண்டுமாம்.