இரணைமடு குளக்கரை அரை மரதன்: அடுத்த ஓட்டத்துக்குக் காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

போன ஆவணியில் இரணைமடுக் குளத்தடியில் நடந்த ஒரு அரை மரதனில் நானும் அக்காவின் மகனும் ஓடினோம். அதை நடத்தியவர்கள் இப்போது முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் அடுத்த ஓட்டத்துக்குக் காசு சேர்க்கிறார்கள். அதே வசனங்கள், அதே வாக்குறுதிகள், கட்டணம் மட்டும் கூடியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொன்னது இது. ஆளுக்கு 4,500 ரூபாய். முறையாக அளந்த 21.1 கிலோமீற்றர் பாதை. இரண்டரைக் கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். அம்புலன்ஸ், பதக்கம், டீசேர்ட், காலைச் சாப்பாடு. காசு போட வேண்டியது ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில். அந்த இடத்திலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் குளக்கட்டின் படத்தைப் பார்த்ததும் மனம் போய்விட்டது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளத்தைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மற்றப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வவுனியாவில் லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடிப் பழகிய எனக்கு, வன்னியிலும் இப்படி ஒரு ஓட்டம் வருகிறதே என்று பெருமையாக இருந்தது.

தொடக்கம் காலை 5 மணி என்றார்கள். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நாலரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பிளாஸ்டிக் மேசை, ஒரு ஸ்பீக்கர், இருட்டில் நிற்கிற சனம். முதலில் இலக்கத் துண்டு வரவில்லை என்றார்கள். அப்புறம் பிரதம விருந்தினர் வரவில்லை என்றார்கள். ஓடவிட்டது 6.50க்கு.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஆவணியில் எங்கள் பக்கம் 6 மணிக்கெல்லாம் விடிந்துவிடும். 8 மணிக்குப் பிறகு அடிக்கிற சோளகக் காற்றில் குளிர்ச்சி இல்லை, அனல்தான். இரண்டரை மணித்தியாலத்தில் ஓடி முடிக்கிற ஒருவர், 5 மணிக்குத் தொடங்கினால் ஏழரைக்கு நிழலில் இருப்பார். 6.50க்குத் தொடங்கினால் 9.20 வரை வெயிலில் இருப்பார். நேரம் பிந்தியதுதான் அன்றைக்கு நடந்த எல்லாவற்றுக்கும் மூலம்.

குளக்கட்டில் ஓடிய அந்தக் கொஞ்ச நேரம் உண்மையிலேயே அழகு, அதை மறைக்கவில்லை. பிறகு வாய்க்கால் கரைக் கிரவல் ரோட்டு, நிழல் கிடையாது. முதல் தண்ணீர் 4 கிலோமீற்றரில் கிடைத்தது. அடுத்தது 8இல். அங்கே வெறும் கானும், கப் அடுக்கோடு ஒரு பொடியனும். "தண்ணி முடிஞ்சுது அண்ணை, வான் எடுக்கப் போட்டுது" என்றான். பாவம், அவனை ஏசி என்ன பயன்? அந்த வானை நான் பிறகு பார்க்கவேயில்லை. எனக்கு முன்னால் ஓடிய இரண்டு பேர் வாய்க்காலில் இறங்கி, கையால் அள்ளிக் குடித்தார்கள். மாடு குளிக்கிற, மருந்து அடித்த டாங்கி கழுவுகிற வாய்க்கால் அது.

9.3இல் ஒருவர் கதிரையில் இருந்து "இதில திரும்புங்கோ" என்றார். போய் வந்தால் 18.6 கிலோமீற்றர். ஜிபிஎஸ் மணிக்கூடு நூறு, இருநூறு மீற்றர் பிழைக்கலாம், இரண்டரைக் கிலோமீற்றர் பிழைக்காது. ஒழுங்கான ஓட்டத்தில் அளவு சரிபார்த்த சைக்கிளால் பாதையை அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியே போடுவார்கள். நாலு மாதம் பயிற்சி எடுத்து வந்த பிள்ளைகளிடம் இதை அரை மரதன் என்று சொல்லிக் காசு வாங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் தூரத்தை விடுங்கள். 15ஆவது கிலோமீற்றரில் மருமகன் கோணல்மாணலாக ஓடத் தொடங்கினான். நடக்கச் சொன்னேன். "மாமா, பஸ் வந்திட்டுதா?" என்று கேட்டான். கண் என்னைப் பார்க்கவில்லை. பிடரியில் கை வைத்தேன், கொதித்தது. அப்படியே முழங்கால் மடிந்து இருந்துவிட்டான். இலக்கத் துண்டில் அச்சடித்திருந்த அவசர இலக்கத்துக்கு மூன்று தரம் எடுத்தேன். நாலாம் தரம் எடுத்தவர், "அம்புலன்ஸ் வருது" என்று சொல்லி வைத்துவிட்டார். வரவேயில்லை.

பக்கத்து வளவிலிருந்து ஒரு அக்கா ஓடி வந்தார். "தம்பி, பிள்ளையை நிழலுக்குள்ள கிடத்துங்கோ, நான் தண்ணி அள்ளுறன்." கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளித் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினார். அவருடைய வீட்டுக்காரர் நனைத்த சாரத்தைப் போர்த்து, பனையோலை விசிறியால் விசிறினார். நான் 1990க்கு எடுத்தேன். அந்த இலவச அம்புலன்ஸ் வந்துதான் கொண்டு போனது. உடம்புச் சூடு 40 பாகைக்கு மேலே போனால் மூளை தடுமாறும், ஏற்றுவதற்கு முதல் குளிர வைப்பதுதான் உயிரைக் காக்கும் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் விளங்கப்படுத்தினார். அந்தக் கிணற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது. இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். இப்போது சுகமாக இருக்கிறான்.

நடத்தியவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "படிவத்தில் கையெழுத்து வைத்தீர்கள்தானே" என்று பதில் வந்தது. பதக்கம் கூரியரில் வரும் என்றவர்கள், அடுத்த கிழமை என்னை வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

முல்லைத்தீவு ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க யோசிக்கிறவர்கள், காசு போட முதல் போன் எடுத்துக் கேளுங்கள். பாதையை அளந்தது யார்? பொலிஸ் அனுமதிக் கடிதத்தைக் காட்டுவீர்களா? அம்புலன்ஸ் எங்கே நிற்கும், சாரதியின் பெயர் என்ன? ஐந்து கிலோமீற்றருக்கு மேல் தண்ணீர் இல்லாத இடம் உண்டா? இதற்கு நேரே பதில் சொல்லாமல் கடற்கரைப் படம் அனுப்பினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் வங்கிச் சிட்டையையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் அழிக்காமல் வையுங்கள். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு இரணைமடுவில் ஓடியவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து நீங்களும் கொடுங்கள்.