ஹட்டன் டவுன் கொமியுனிகேஷன் கடைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம்

கட்டாருக்கு வந்து ஏழு மாதம். டோஹாவில் ஒரு ஹொட்டலில் ரூம் சுத்தம் செய்யும் வேலை. ஊரில் விசாரிக்கிறவர்கள் எல்லாம் என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் எழுத நினைப்பது இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் உள்ள ஒரு சின்னக் கொமியுனிகேஷன் கடையைப் பற்றி.

போட்டோகொப்பி மெஷின் இரண்டு, கம்ப்யூட்டர் ஒன்று, பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு துணி, அவ்வளவுதான் கடை. மழை நாளில் வாசலில் கிடக்கும் ஈரக் குடைகளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். கடைக்கார அண்ணன் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரும்கூட, சான்றிதழ்களை ஆங்கிலமாக்கிக் கையெழுத்திட்டுக் கொடுப்பார்.

என் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். பெயர் சாந்தினி. பாஸ்போர்ட்டிலும் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) சான்றிதழிலும் ஆங்கிலத்தில் நடுவே 'டீ'யும் 'எச்'சும் (th) வரும். தமிழில் 'த' ஒன்றுதான். சிங்களத்தில் வல்லொலிக்கு ஓர் எழுத்து, மெல்லொலிக்கு வேறு எழுத்து. பதிவாளர் காதில் விழுந்தபடி மெல்லியதைப் போட்டுவிட்டார். அதை ஆங்கிலமாக்கினால் வெறும் 'டி' (d) வருகிறது. (இந்த இரண்டு 'டி'யையும் தமிழில் பிரித்து எழுதிக் காட்ட முடியவில்லை பாருங்கள், பிரச்சினையே இதுதான்.)

"பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே போட்டுவிடுங்கள் அண்ணே" என்றேன். முடியாது என்றுவிட்டார். மூலத்தில் உள்ளதைத்தான் எழுதுவாராம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி தயாரித்து, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்க அனுப்பினார். அன்றைக்குக் கோபம் வந்தது. கொழும்புக் கவுண்டரில் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தபோது கோபம் போய்விட்டது.

ஆனால் நான்கு நட்சத்திரம் அதற்காக இல்லை. ஏஜென்சி அனுப்பிய வேலைக் கடிதத்தை பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன். "சம்பளம் எவ்வளவு என்றார்கள் தங்கச்சி?" என்று கேட்டார். 1,800 ரியால் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வீணாய்ப்போன ஒரு கொப்பித் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினார். கட்டாரில் 2021 மார்ச் முதல் சட்டப்படி குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி தங்க இடம் கொடுக்காவிட்டால் 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300 சேர்த்துக் கொடுக்கவேண்டும். மூன்றையும் கூட்டினால் 1,800. எனக்கு ரூம் ஹொட்டலே தருகிறது, அதனால் அந்த 500 கைக்கு வராது. ஆக, 1,300. ஏஜென்சி பெரிய சம்பளம் என்று சொன்னது, சட்டம் இதற்குக் கீழே போகாதே என்று போட்ட கோடு.

அம்மா பக்கத்தில் நின்றார். "கொழுந்து நிறுக்கும்போது சாக்கு எடைக்குக் கழிக்கிற மாதிரிதானே" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. அந்தத் தாளின் மூலையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தார். தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

எப்படியும் வருவது என்று முடிவெடுத்தேன், கணக்குத் தெரிந்தே. கொழும்பில் கட்டார் விசா நிலையத்தில் மெடிக்கல், கைரேகை முடிந்து ஒப்பந்தத்தைக் காட்டியபோது, எனக்கு முன்னால் இருந்த அக்காவின் முகம் சம்பளத்தைப் பார்த்து மாறியது. எனக்கு அது பழைய செய்தி.

சரி, ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது? கடையில் உதவிக்கு நிற்கும் பையன், கேட்காமலே என் பிறப்புச் சான்றிதழை லெமினேட் பண்ணிவிட்டான். நல்ல மனதோடுதான். கொழும்புக் கவுண்டரில், பிளாஸ்டிக்கின் மேல் சீல் குத்த முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புதிதாக ஒரு பிரதி எடுக்க ஒரு நாள், அவிசாவளை வழியாகத் திரும்பவும் ஒரு பஸ் பயணம், அன்றைய சம்பளமும் போச்சு. அண்ணன் லெமினேட் காசைத் திருப்பித் தந்தார். பஸ் காசைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காத்திருக்கவும் வேண்டும். கரண்ட் போனால் எழும்பி டீ குடிக்கப் போய்விடுவார்.

இங்கே என்னோடு ரூமில் இருக்கும் பிள்ளையின் ஒப்பந்தத்தையும் போன மாதம் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். அவர் கடை அடைக்கும் ஆறு மணி எனக்கு மூன்றரை, சாப்பாட்டு நேரம். குரல் பதிவில் வரிவரியாகச் சொன்னார், காசு கேட்கவில்லை. தம்பியும் அடுத்த மாதம் பாஸ்போர்ட் எடுக்கிறான். அங்கேதான் போகச் சொல்லியிருக்கிறேன், சான்றிதழைக் கையை விட்டு விடாதே என்று சொல்லி.