ஸ்விஸ் கத்தின்னு சொல்லி ₹2,650-க்குப் போலியைத் தள்ளிவிட்டான், உஷாரா இருங்க மக்களே

₹2,650 போச்சு. அதைக்கூட விட்டுத் தொலைக்கலாம். என் மனைவியோட ஆள்காட்டி விரல்ல தையல் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன், அதைத்தான் தாங்க முடியல.

மாடித்தோட்டத்துக்குன்னு அவங்களுக்கு ஒரு பேனாக்கத்தி வாங்கணும். முதல் கத்தி, நல்லதா இருக்கட்டும்னு ரெண்டு பேரும் உக்காந்து பார்த்தோம். விக்டோரினாக்ஸ்ங்கிற ஸ்விஸ் கம்பெனியோட கத்திகள்ல, மடிச்ச நீளம் 58 மி.மீ. இருக்கிற சைஸ் சாவிக்கொத்துல தொங்கத்தான் சரி, கயிறு அறுக்க ஆகாது. 111 மி.மீ. மாடல்ல அலகு லாக் ஆகும், ஆனா அவங்க கைக்குப் பெருசு. ஓபினெல்ங்கிற பிரெஞ்சுக் கம்பெனியோட 8-ம் நம்பர் கத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும்; மரப்பிடி, வளையத்தைத் திருப்பினா அலகு அசையாது. "கத்தரிக்கோல் இல்லாம எனக்கு எதுக்குங்க?"ன்னாங்க. நியாயம்தான். அதனால விக்டோரினாக்ஸோட க்ளைம்பர் மாடல்னு முடிவாச்சு. 91 மி.மீ., ரெண்டு அலகு, கத்தரிக்கோல். இதுல லாக் கிடையாது. முதுகுல இருக்கிற ஸ்பிரிங்தான் விரிச்ச அலகைப் பிடிச்சு நிறுத்தணும். ஸ்விஸ் கத்திக்கெல்லாம் முன்னோடியா 1897-ல வந்த ஆபீசர் கத்தியில இருந்தே அந்த ஸ்பிரிங்தான் இதுக்கு உயிர்.

வாங்கினது எல்லார் போன்லயும் இருக்கிற மாதிரி ஒரு ஆன்லைன் ஷாப்பிங் ஆப்ல. விலை ஒண்ணும் அடிமாட்டு விலை இல்ல, கடை விலையில இருந்து கொஞ்சம்தான் கம்மி. சாட்ல விக்கிறவன்கிட்ட நேராவே கேட்டேன், ஒரிஜினலான்னு. "நூறு சதவீதம் சார், சுவிட்சர்லாந்து சரக்கு, வாரண்டி கார்டோட வரும்"னு வீடியோவும் அனுப்பினான். அலகோட அடியில கம்பெனி முத்திரை பளிச்சுனு தெரிஞ்சுது. "அக்காவுக்குன்னு சொல்றீங்க, நானே பார்த்துப் பேக் பண்றேன் சார்"னான். "நல்ல பையனாத் தெரியுதுங்க, போட்டுடுங்க"ன்னாங்க என் மனைவி. அந்த 'அக்கா'வை நம்பித்தான் ₹2,650 கட்டினேன்.

பார்சல் வந்தப்போ நான் ஆபீஸ்ல. அவங்க ஆசையாப் பிரிச்சு, தக்காளிச் செடிக்குக் கட்டியிருந்த சணல் கயித்தை அறுத்திருக்காங்க. அலகு நிக்கல. அப்படியே மடங்கி விரல் மேல இறங்கிடுச்சு.

ஆஸ்பத்திரியில இருந்து வந்து கத்தியைக் கையில எடுத்துப் பார்த்தேன். அலகோட அடியில 'ஸ்டெயின்லெஸ்'னு ஒரே ஒரு வார்த்தை, அதுவும் அரைகுறையா. விக்டோரினாக்ஸும் இல்ல, ஸ்விஸ் மேடும் இல்ல. அலகு பக்கவாட்டுல ஆடுது. கத்தரிக்கோல் ஒரு தடவை அழுத்தினா திரும்பத் திறக்கல. பில்லை எடுத்தா 'மல்டி டூல், சிவப்பு'ன்னு மட்டும் இருக்கு. கம்பெனி பேரே போடல. எவ்வளவு திட்டம் போட்டுப் பண்றாங்க பாருங்க!

விக்கிறவனைக் கேட்டா, "யூஸ் பண்ணிட்டீங்களே சார், ரிட்டர்ன் ஆகாது". அதோட பதிலே இல்ல. யூஸ் பண்ணாம போலின்னு எப்படிடா தெரியும்? ஆப்ல புகார் போட்டா முதல்ல ஒரு ரோபோ, அப்புறம் ஒரு ஆள், அப்புறம் வேற ஒரு ஆள். ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து கதை சொல்லணும். "சிரமத்துக்கு வருந்துகிறோம்". கடைசியா, பணம் தர மாட்டாங்களாம், வேணும்னா அதே ஆள்கிட்ட இருந்து வேற கத்தி மாத்தித் தருவாங்களாம்! தையல் போட்ட விரலைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். 'தீர்க்கப்பட்டது'ன்னு புகாரை மூடிட்டாங்க. ₹2,650 அவங்ககிட்ட, காயம் எங்ககிட்ட.

முதல் கத்தி எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு விரிவா எழுதணும்னு இருந்தேன். இப்ப அதுக்கு மனசு இல்ல. இதை மட்டும் செய்யுங்க. கம்பெனியோட அங்கீகாரம் பெற்ற கடையில, கையில எடுத்துப் பார்த்து வாங்குங்க. ஆன்லைன்தான்னா பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க, பில்லுல கம்பெனி பேர் இருக்கான்னு பாருங்க. எதையும் அறுக்கிறதுக்கு முன்னாடி அலகை விரிச்சு, விரலை அது மடங்குற பாதையில வைக்காம, அதோட முதுகை ஒரு கட்டையில அழுத்திப் பாருங்க. சட்டுனு மடங்கினா தொடாதீங்க.

2020 மின்வணிக விதிப்படி புகார் கிடைச்சதை 48 மணி நேரத்துல ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல பதிவு பண்ணிட்டேன். சாட், பில், டாக்டர் சீட்டு எல்லாம் பத்திரமா இருக்கு. இதே 'அக்காவுக்கு நானே பேக் பண்றேன்' வசனம் வேற யாருக்காவது வந்திருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.