புளியரை ரோட்டு டயர் கடை: பழைய டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் டிரெய்லர் அப்பா காலத்தது. இரண்டு சக்கரம், தகரக் கூரை, உள்ளே நாலு பேர் படுக்கலாம். ஜீப்பில் கோர்த்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவை தென்மலை, கொல்லம் போய்வருவோம். போன மார்கழியில் ஆரியங்காவு தாண்டியதும் இடது டயர் வெடித்தது. பட்டன் (ரோட்டில் படும் மேல்ரப்பர்) கொஞ்சம்கூடத் தேயாத டயர். ஆறு மாதம் முன்பு ஒரு கடையில் ‘புதுசு மாதிரி’ என்று தலையில் கட்டியது.

அதன்பிறகுதான் இந்தக் கடைக்குப் போனேன். செங்கோட்டையிலிருந்து புளியரை செக்போஸ்ட் போகும் வழி, லாரிகள் நிற்கிற இடம். கடைக்கார அண்ணாச்சி முதலில் வெடித்த டயரைக் கேட்டார். பக்கவாட்டில் மண்ணைத் துடைத்து நாலு எண்ணைக் காட்டினார்: 0914. 2014ஆம் வருஷம் 9ஆவது வாரம் செய்தது.

“உங்க வண்டி வருஷத்துல பத்து நாள்தான் ஓடுது தம்பி. மிச்ச நாளெல்லாம் வெயில்ல நிக்குது. பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்துரும்” என்றார். விரலால் அழுத்தினால் மயிரிழை மாதிரி வெடிப்புகள்.

அடுத்து எடை கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் டயர் தரமாட்டேன் என்று எடைமேடைக்கு அனுப்பிவிட்டார். அரிசி, தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றி, ஜீப்பைக் கழற்றிவிட்டுப் போட்டால் 780 கிலோ. சக்கரத்துக்கு 390. ரிம்முக்குப் பொருந்தும் 6.00-16 சைஸ், ஆறு பிளை (ஆறு அடுக்கு வலு) நைலான் டயர், புது டியூபோடு ஜோடியாகப் போட்டார். ஒரு பக்கம் உள்நூல் குறுக்கும்மறுக்குமாக ஓடும் நைலான், மறுபக்கம் நேராக ஓடும் ரேடியல் என்று கலக்கவே கூடாதாம்.

காற்றில்தான் நான் பெரிய தப்புப் பண்ணியிருந்தேன். ஜீப்புக்கு வைக்கும் 24 பவுண்டு (psi) காற்றையே இதற்கும் வைத்திருந்தேன். காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், அந்தச் சூடுதான் டயரைக் கிழிக்கும். கம்பெனி அட்டவணையில் எடையைப் பார்த்து 35 வைத்தார். காலையில் வண்டி எடுக்குமுன் அளக்க வேண்டும். புனலூரில் அளந்தபோது 39 காட்டியது. முன்பென்றால் இறக்கியிருப்பேன். ஓடிய சூட்டில் ஏறியதை இறக்கினால் ஆறியதும் 35க்குக் கீழே போய்விடும்.

கடையில் சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்ஸிங் மெஷின் இல்லை, அதற்குத் தென்காசி போக வேண்டும். விலையில் பேரமும் கிடையாது.

பழைய வலது டயரை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதிலும் 2014தான். அண்ணாச்சி கத்தியை எடுத்து அதன் பக்கச்சுவரை நீளமாகக் கிழித்தார், இன்னொருத்தர் வண்டிக்கு அது போய்விடக்கூடாது என்று.