உப்புக் கிணற்றுக்குப் பேனா மீட்டர்: எதற்கு நம்பலாம்?

போர் தண்ணீரின் உப்பை வரப்பில் நின்றே அளக்க, சில நூறு ரூபாய்க்குப் பேனா மீட்டர் கிடைக்கிறது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலோரம் போல உப்புத்தண்ணீரை வைத்துப் பயிர் எடுப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) மட்டும் காட்டும் மாடல் வேண்டாம். இ.சி.யும் (மின்கடத்துத்திறன்) காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்துத்திறனை, அதாவது இ.சி.யை. அதை ஓர் எண்ணால் பெருக்கித்தான் டி.டி.எஸ்.ஸை பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) கணக்கில் காட்டுகிறது. குடிநீருக்கென வரும் பேனாக்கள் பெரும்பாலும் 0.5-ஆல் பெருக்கும், பாசனக் கணக்கில் வழக்கம் 0.64. அதனால் இ.சி. 4 டெசிசைமன்ஸ் உள்ள ஒரே தண்ணீர், பேனாவில் 2,000, பாசனக் கணக்கில் 2,560. இ.சி.யில் படித்தால் இந்தக் குழப்பமே இல்லை: செ.மீ.க்கு 1,000 மைக்ரோசைமன்ஸ் என்பது மீட்டருக்கு ஒரு டெசிசைமன்ஸ்.

இன்னொரு பொறி, திரை ஓரத்தில் பொடியாக வரும் ‘×10’. பல மாடல்களில் அளவு 1,000-ஐத் தாண்டினால் 3,200 என்பதை 320 என்று காட்டி, பக்கத்தில் இந்தக் குறியைப் போடும். வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. உப்புக் கிணற்றை நல்ல தண்ணீர் என்று எண்ணிவிடுவது இப்படித்தான்.

மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரில், கோடு வரை மட்டும் முக்குங்கள். லேசாகத் தட்டிக் காற்றுக்குமிழை விரட்டுங்கள். குமிழ் இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். வெப்பத்துக்கு ஈடுகட்ட அரை நிமிடம் விட்டுப் படியுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி வைக்கவும். முனையில் சுண்ணாம்பு படிந்தால் வினிகரில் ஊறவிட்டால் போகும். சரிபார்க்க 1413 மைக்ரோசைமன்ஸ் கரைசல் பாக்கெட் போதும். அது கிடைக்காத ஊரில், உலர்ந்த தூள் உப்பு 1 கிராமை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து 1 லிட்டராக்கினால் ஏறத்தாழ 2,000 மைக்ரோசைமன்ஸ் வர வேண்டும்.

இந்தக் கருவியின் அருமை கலப்பில் தெரியும். போர் 4, பண்ணைக்குட்டை 0.6 என்றால் சரிபாதிக் கலவை 2.3. கலந்தபின் முக்கிப் பார்த்துவிடலாம். மண்சாற்றில் (நீரில் நன்றாக ஊறிய மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் நீரில்) இ.சி. அளவு வெங்காயம் 1.2, தக்காளி 2.5, சோளம் 6.8, பருத்தி 7.7 டெசிசைமன்ஸ் வரை மகசூல் இழக்காமல் தாங்கும். பாசன நீரின் அளவு அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருப்பது நல்லது. தக்காளிக்கு 2 டெசிசைமன்ஸ் தண்ணீர்தான் உண்டு என்றால், பாய்ச்சுவதில் 19 விழுக்காடு வேரைத் தாண்டி இறங்கி உப்பைக் கழுவ வேண்டும். வடிகால் இல்லாத வயலில் இது நடக்காது.

மீட்டருக்குத் தெரியாதது சோடியம். இ.சி. 1.2 மட்டும் காட்டும் தண்ணீரிலும் சோடியம் பைகார்பனேட் மிகுந்திருக்கலாம். நாலைந்து பாசனத்தில் மேல்மண் இறுகி, தண்ணீர் தேங்கி நின்றால் சந்தேகப்படுங்கள். அரசு மண் பரிசோதனை நிலையத்தில் ஆர்.எஸ்.சி. (கால்சியம், மக்னீசியத்தைவிட மிகுந்து நிற்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு) கேட்டுப் பாருங்கள், லிட்டருக்கு 1.25 மில்லிஈக்குவலன்ட் வரை பயமில்லை, 2.5-ஐத் தாண்டினால் அப்படியே பாய்ச்சக்கூடாது. குறைக்க வேண்டிய ஒவ்வொரு மில்லிஈக்குவலன்டுக்கும் 1,000 லிட்டருக்கு 86 கிராம் சுத்த ஜிப்சம் தேவை. ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்சினால், ஒரு மில்லிஈக்குவலன்ட் குறைக்க 70 விழுக்காடு தரமுள்ள ஜிப்சம் சுமார் 25 கிலோ ஆகும். ஜிப்சம் கரைந்தபின் பேனா முன்பைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்து ஜிப்சத்தை நிறுத்திவிடாதீர்கள்.