முகத்துக்கு நேரே சொல்வதா, அவரையே சொல்ல வைப்பதா?

குடியை நிறுத்த ஆலோசனை கேட்டு மதுரைப் பக்கம் ஆண்கள் தாமாக வருவது அபூர்வம். மனைவியோ மச்சினனோ கூட்டிவருவார்கள். உட்கார்ந்ததும், "நல்லா உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க சார்" என்பார்கள். வந்தவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். மாற மனமில்லாத அந்த ஆளோடு வேலை செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. நான் இரண்டாவதன் கட்சி.

முதல் வழி, மோதுவது. கெட்டுப்போன ஈரலின் படம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், "குடிகாரன்னு முதல்ல ஒத்துக்க" எல்லாம் இதில் சேரும். கூட்டிவந்தவர்களுக்குத் திருப்தி. ஆனால் இதையெல்லாம் அவர் வீட்டில் தினமும் கேட்கிறார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குழுவின் 1993 ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு மோதினாரோ அவ்வளவுக்கு அந்த ஆள் ஒரு வருடம் கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். போதும், அடுத்ததற்குப் போவோம்.

இரண்டாவது, ஊக்கமூட்டும் நேர்காணல். மில்லர் 1983-இல் எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த முறை. நிறுத்தணும் என்று ஒரு மனசு, வேண்டாம் என்று ஒரு மனசு, இரண்டும் அவருக்குள்ளேயே இருக்கின்றன. நாம் ஒரு பக்கத்துக்கு வக்கீலானால் அவர் எதிர்க்கட்சி வக்கீலாகிவிடுவார். அதனால் வாதாடாமல் கேட்க வேண்டும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"குடிச்சாத்தான் சார் தூக்கமே வருது."

"உடம்பு வலிக்கு அதான் மருந்தா இருக்கு."

"ஆமா... ஆனா காலையில கை நடுங்குது. மூட்டை நழுவுது."

அந்த "ஆனா"வை நாம் சொல்லவில்லை, அவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்க வேண்டும். (நடுக்கம் என்றால் முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். பட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அது பேச்சால் தீராது.) இன்னொரு கேள்வியும் உண்டு. நிறுத்துவது எவ்வளவு முக்கியம், 0-இலிருந்து 10-க்குள் சொல்லுங்கள். 4 என்றால், "ஏன் 8 இல்லை?" என்று கேட்கக் கூடாது. "ஏன் 0 இல்லை?" என்று கேட்க வேண்டும். பதிலில் அவருடைய சொந்தக் காரணங்கள் வரும். எரிச்சல் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். குடியை விட மனமில்லாதது ஒன்று, நம் பேச்சு பிடிக்காதது வேறு. இரண்டாவதைச் சரிசெய்ய வேண்டியது நாம்தான்.

மூன்றாவது, பன்னிரண்டு படி வழி. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களோடு இணைத்துவிடுவது, அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளைப் பின்பற்ற வைப்பது. அதே பாடுபட்டவர் பேசும்போது நாம் பேசுவதை விட எடுபடும், அதை மறுக்க மாட்டேன்.

பிறகு ஏன் இரண்டாவது? வருகைக் கணக்குதான். உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ ஒருவர் மதுரைக்கு வந்தால் பஸ் காசோடு அன்றைய கூலியும் போச்சு. கூட ஒருவர் வந்தால் அவர் கூலியும் சேர்ந்து போகும். பன்னிரண்டு வாரம் தவறாமல் வாருங்கள் என்பது காகிதத்தில்தான் அழகு. அமெரிக்காவில் ப்ராஜெக்ட் மேட்ச் என்ற பெரிய ஆய்வின் முடிவு 1997-இல் வந்தது. ஊக்கமூட்டும் நேர்காணலை ஒட்டிய சிகிச்சை அதில் 4 அமர்வு; அதோடு ஒப்பிட்ட மற்ற இரண்டும், அதாவது பன்னிரண்டு படி வழியும், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் சிகிச்சையும், 12. பலன் ஏறக்குறைய ஒன்றுதான். முழுசாக நிறுத்தியவர்கள் எண்ணிக்கையில் மட்டும், வெளிநோயாளிகளிடம், பன்னிரண்டு படி கொஞ்சம் முந்தியது. அந்த ஊர் கணக்கு நம்மூருக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாலு தடவைக்கு மேல் வரமுடியாதவருக்கு 12 அமர்வுத் திட்டத்தைக் கொடுத்து, வராமல் போனதும் "ஒத்துழைப்பு இல்லை" என்று ஃபைலில் எழுதுவது நியாயமில்லை. முதல் சந்திப்பில் மனம் புண்பட்டவர் இரண்டாவதுக்கே வரமாட்டார், அப்புறம் எந்த முறை சிறந்தது என்ற பேச்சே இல்லை.

நிறுத்திய பிறகு பிடித்து நிற்க, வீட்டுக்குப் பக்கத்தில் கூட்டம் இருந்தால் அங்கேயும் அனுப்புவேன், இரண்டும் சண்டை போட வேண்டியவை அல்ல. கஞ்சா விஷயமாகப் பள்ளிக்கூடம் அனுப்பிவைக்கும் பையன்களிடம் இது எவ்வளவு தூரம் எடுபடும் என்று கேட்டால், எனக்கு அந்த அனுபவம் குறைவு. அவர்களோடு தினமும் வேலை செய்பவர்களைக் கேளுங்கள்.